ஏழாம் எண்ணின் ஒலிப்பதிவு

கடையில் அவளுக்குக் காதக்கா என்று பெயர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் வாசலுக்கு எதிரே இருந்த தட்டச்சு, நகல், பைண்டிங் கடை அது. இரண்டு நகல் எந்திரங்களும் தாள் வெட்டும் மேசையும் போக மிஞ்சிய மூலையில், சுவரைப் பார்த்தபடி பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெட்போன், அதன் இடது பக்கத்து நுரை பிய்ந்துபோய், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். காலடியில் ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் அழுத்தினால் மூன்று வினாடி பின்னால் போகும். பழகிப்போன அந்தக் கால் வீட்டிலும் அடங்கி இருப்பதில்லை. வீட்டுக்காரர் பேசிக்கொண்டே போகும்போது மேசைக்கு அடியில் தானாகத் தூக்கிக்கொள்ளும். குரல்தான் நிற்காது.

கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஆட்களைப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பேசியதைப் பேசியபடியே எழுத்தாக்கித் தர வேண்டும். 'வந்து', 'அதாவது', இருமல், சிரிப்பு, மூக்கை உறிஞ்சுவது, எதையும் விடக்கூடாது. ஆள் பேசாமல் இருந்தால் எத்தனை வினாடி என்று குறிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்கு என்ன போடுவதென்று தெரியாமல் "(சும்மா – 5)" என்று போட்டுவிட்டாள். பார்த்த பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாரும் மௌனம், மௌனம்னு போடறாங்க. இது நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்மா" என்றார். அன்றிலிருந்து அது அவளுடைய முத்திரை ஆகிவிட்டது. வேறு எந்தக் கடைத் தாளிலும் அது இருக்காது.

காதில் விழாத இடத்தில் "(ஒலி தெளிவில்லை)" என்று போட்டுவிட்டுப் போகலாம். அதற்கு அனுமதி உண்டு. காதக்காவின் தாளில் அந்த வார்த்தையை யாரும் பார்த்ததில்லை. மின்விசிறி இரைச்சலுக்குள் ஒரு பெரியவர் முனகியதைக்கூட இருபது தடவை பின்னால் போய்ப் பிடித்துவிடுவாள்.

"எங்க காதக்கா, கொசு கொட்டாவி விட்டாலும் டைப் பண்ணிடும்" என்று கடைக்காரர் புதிதாக வருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

வீட்டில் அவளுக்குப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. "ஏய், இங்க பாரு" என்றால் அவள்தான். வீட்டுக்காரர் பள்ளித் தலைமையாசிரியர். பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் ஹெச்.எம். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, நான்கு பேர் இருக்கும் இடத்தில் சிரிக்கவைப்பார். ஒரே ஒரு பழக்கம்: கேள்வி யாருக்கு வந்தாலும் பதில் அவரிடமிருந்து வரும்.

ஒருமுறை மருத்துவர் அவளைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

"இடது தோள். ராத்திரி அதிகமா இருக்கும். கை தூக்கினா முள்ளு குத்தற மாதிரி இருக்கும்" என்றார் ஹெச்.எம்.

மருத்துவர் சிரித்துக்கொண்டே, "சார், தோள் யாருது?" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் தொல்லை. தவறாகச் சொன்னாலாவது திருத்தலாம்.

அவர்களுக்கு ஒரே மகள். ஐந்தே முக்கால் அடி உயரம், வயது இருபத்திரண்டு, வீட்டில் பெயர் பொடிசு. அப்பா வேலை பார்த்த பள்ளியிலேயே படித்தாள், அவரிடமே கணக்குப் படித்தாள், அவர் சொன்ன கல்லூரியில் ஆசிரியப் பயிற்சியும் முடித்துவிட்டாள். வரும் ஒன்றாம் தேதி அவர் பள்ளியிலேயே கணக்கு ஆசிரியையாகச் சேர வேண்டும். கால அட்டவணையில் அவள் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அதன் நகலை வீட்டுச் சுவரிலும் ஒட்டியாயிற்று. திங்கள் முதல் மணி, ஏழாம் வகுப்பு. வியாழன் கடைசி மணி, விளையாட்டு மேற்பார்வை. தெருவில் யாராவது, "என்னம்மா, படிப்பு முடிஞ்சுதா?" என்று பொடிசைக் கேட்டால், "முடிஞ்சுது, ஒண்ணாம் தேதி சேர்றா" என்று பதில் வரும். பொடிசு பக்கத்தில் நின்று சிரிப்பாள். சிரிப்புக்கும் ஒரு அட்டவணை இருந்தது போல, சரியான இடத்தில் வரும்.

அந்த வருடம் காதக்காவுக்கு வந்த பெரிய வேலை ஒரு ஆய்வுப் பெண்ணுடையது. மெலிந்த உடம்பு, பெரிய துணிப்பை, எப்போதும் பாதி குடித்த தண்ணீர்ப் புட்டி. ஆசிரியர்களின் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பெற்றோர் வேலை பார்க்கும் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்தன என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது.

"எத்தனை பேர்கிட்ட கேக்கணும்? நூறு, இருநூறு?" என்று காதக்கா கேட்டாள்.

"ஒன்பது பேருக்கா. எண்ணிக்கை இல்ல விஷயம். ஒருத்தருக்கு அது எப்படி இருந்துச்சுன்னு உள்ள போய்ப் பாக்கறது. ஏன்னு கேக்கவே கூடாது. எப்படி இருந்துச்சுன்னுதான் கேக்கணும். ஏன்னு கேட்டா ஆளு நியாயம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு சுலபம் இல்லக்கா. என் கருத்து, என் வீட்டு அனுபவம், எல்லாத்தையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டு ஓரமா வச்சுட்டு உக்காரணும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்றாள் காதக்கா. "அடுத்தவங்க கருத்தைத்தான் அடைப்புக்குறிக்குள்ள போடுவார்."

ஆய்வுப் பெண் சிரித்துவிட்டு, விதிகளைச் சொன்னாள். பெயர் கிடையாது, எண்தான். டைப் செய்தபின் ஒவ்வொரு பேட்டியின் கீழும் ஒரு சீட்டு: 'பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது.' அதில் காதக்கா கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்த குரல் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டைப் செய்த தாள் பேசியவருக்கே போகும். அவர் படித்துப் பார்த்து, 'நான் சொன்னது இதுதான்' என்று பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிட்ட பிறகுதான் ஆராய்ச்சியில் சேரும்.

ஆறு பேருடைய பேட்டி ஒழுங்காக முடிந்தது. ஏழாம் எண் ஒரு திங்கட்கிழமை வந்தது.

மிதியை அழுத்தினாள். நாற்காலி இழுபடும் சத்தம். ஆய்வுப் பெண்ணின் குரல்: "முதல்ல, ஸ்கூல்ல இருந்த ஒரு நாளைச் சொல்லுங்க." பிறகு பேனா மூடியைத் திறந்து மூடும் சத்தம். டிக். டிக் டிக். டிக். காதக்காவின் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. இருபத்திரண்டு வருடத்தில் பத்து வருடமாவது அந்தச் சத்தம் சாப்பாட்டு மேசையில் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. "வந்து..." என்று குரல் ஆரம்பிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

காலை எடுத்தாள். விதிப்படி செய்தாள். கழுத்தைத் திருப்பிக் கடையைப் பார்த்தாள். கடைக்காரர் யாரிடமோ அட்டை நிறத்துக்கு வாதாடிக்கொண்டிருந்தார். எழுந்துபோய் ஆய்வுப் பெண்ணுக்கு ஒரு போன் செய்தால் முடிந்தது. எழ முடியவில்லை. பொடிசு தானாகத் தொடர்ந்து பத்து வாக்கியம் பேசி அவள் கேட்டதே இல்லை. காலை மறுபடி வைத்தாள்.

"ஸ்கூல்ல அப்பாவ சார்னுதான் கூப்பிடணும். வீட்டுக்கு வந்தப்புறமும் கொஞ்ச நேரத்துக்கு வாயில சார்னுதான் வரும். செருப்பைக் கழட்டற வரைக்கும் சார், கழட்டினப்புறம் அப்பா. (சிரிப்பு) ஆனா அவர் செருப்பைக் கழட்டினாலும் சார்தான்."

காதக்காவுக்கும் சிரிப்பு வந்தது. (சிரிப்பு) என்று டைப் செய்தாள்.

ஐந்தாம் வகுப்புக் கதை வந்தது. அந்தக் கதை காதக்காவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அரையாண்டுத் தேர்வில் கடினமான கணக்கு ஒன்றை இரண்டே பிள்ளைகள் போட்டிருந்தார்கள், இருவரும் நடுவில் ஒரு படியைத் தாண்டி ஒரே குறுக்கு வழியில். ஒருத்தி முன் பெஞ்சு, பொடிசு பின் பெஞ்சு. யாரோ ஒருத்தி பார்த்து எழுதியிருக்க வேண்டும். அப்போது அவர் கணக்கு ஆசிரியர். அடுத்தவர் பிள்ளையைச் சொன்னால் சொந்தப் பெண்ணைக் காப்பாற்றினார் என்பார்கள். பொடிசுக்குச் சைபர் போட்டு, காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார். "தன் பிள்ளைன்னு பாக்கலியே மனுஷன்" என்று ஊர் பேசியது. அந்தப் பெயரோடுதான் அவர் தலைமையாசிரியர் ஆனார். பள்ளி ஆண்டு விழாவில் இன்றும் யாராவது அதைச் சொல்வார்கள். அவர் தலையைக் குனிந்து, "கடமை" என்பார்.

"நிக்கும்போது எப்படி இருந்துச்சு?" என்றாள் ஆய்வுப் பெண்.

"கால்ல ஷூ லேஸ் அவிழ்ந்திருந்துச்சு. கட்டணும்னு இருந்துச்சு. குனிஞ்சா அழறேன்னு நினைப்பாங்கன்னு குனியல. அந்த லேஸ்தான் ஞாபகம் இருக்கு."

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப... லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட மாதிரி. கத்தணும்னெல்லாம் இல்ல. லைட் எரியுது, ஃபேன் ஓடுது, கூட நிக்கறவங்க நல்லவங்க. கதவு மட்டும் திறக்கல." மூடி திறந்து மூடியது. "எனக்கு நில அளவைத் துறையில பயிற்சி வேலை வந்திருக்கு. வேற ஊரு. வெயில்ல நிக்கற வேலைதான். பரவாயில்ல, யாரும் பின்னாடி நின்னு பாக்க மாட்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வரேன்னு பதில் அனுப்பணும். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும். வீட்ல யாருக்கும் தெரியாது."

"சொல்லணும்னு தோணுதா?"

காதக்கா எண்ணினாள். ஒன்பது வினாடி.

"நானா சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தா, முடிக்கறதுக்குள்ள அப்பா பதில் சொல்லிடுவார். யாராவது என்னைப் பாத்து, உனக்கு எப்படி இருக்குன்னு கேட்டு, நான் பேசி முடிக்கற வரைக்கும் அங்கயே இருந்தாங்கன்னா, சொல்லிடுவேன். அவ்வளவுதான் வேணும்."

அடுத்து வந்த சில வரிகளில் காதக்காவின் கால் மிதியை விட்டு வழுக்கியது. பின்னால் போய் மறுபடி கேட்டாள். இன்னொரு முறை பின்னால் போனாள்.

"காலண்டர் தாள் ஒண்ணு அம்மாகிட்ட இருக்கு. பீரோல, துணிக்கு அடியில விரிச்ச பேப்பருக்குக் கீழ. பரீட்சைக்கு முந்தின நாள் தாள் அது. அதோட பின்பக்கம் நான் அந்த மாதிரி கணக்கை அதே குறுக்கு வழியில போட்டுப் பாத்திருக்கேன். நான் காப்பி அடிக்கலன்னு அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும். எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது அந்தத் தாளைக் கண்டுபிடிச்சேன். அப்பா என்னை நிக்கவச்சது எனக்கு ஆறிப்போச்சு. அம்மா பேசாம இருந்தது ஆறல."

கடைக்காரர் தாள் வெட்டும் கத்தியை இறக்கினார். காதக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தத் தாள் அவள் கைக்குக் கிடைத்தது கூட்டத்தில் நிற்கவைத்த அன்று மாலை, குப்பைக் கூடையைக் கவிழ்த்தபோது. அவரிடம் காட்டத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள். முன்னறையில் நான்கு பேர் உட்கார்ந்து அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றாள். அவர்கள் போனதும் அவர் களைத்திருந்தார். மறுநாள் சொல்லலாம் என்று பீரோவில் வைத்தாள். மறுநாள் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். ஒரு மாதம் கழித்து, "ஒரு மாசமா என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கேட்பாரே என்று தோன்றியது. ஒரு வருடம் கழித்து அந்தக் கேள்வி பன்னிரண்டு மடங்கு ஆகியிருந்தது. அப்புறம் அந்தப் பக்கமே அவள் போகவில்லை. பீரோவில் விரித்த தாளை மட்டும் பன்னிரண்டு வருடமாக மாற்றவில்லை.

திரையில் குறி மின்னிக்கொண்டிருந்தது. லிஃப்டை டைப் செய்தாள். வெள்ளிக்கிழமையை டைப் செய்தாள். லிஃப்டை டைப் செய்தாள். காலண்டர் தாள் வந்த இடத்தில், வாழ்நாளில் முதல் முறையாக, இப்படி டைப் செய்தாள்: (ஒலி தெளிவில்லை).

கீழே இருந்த சீட்டிலும் கையெழுத்துப் போட்டாள். பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது. கையெழுத்து எப்போதும் போல அழகாக விழுந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவள் பட்ட பாடு வேறு வகை. மகளுக்கு வேண்டியது ஒரு கேள்வி. அந்தக் கேள்வி இப்போது காதக்காவின் கையில் இருந்தது. கேட்டுவிட்டால் பொடிசு பேசிவிடுவாள். ஆனால் எங்கிருந்து இந்தத் திடீர் அக்கறை என்று அவள் நினைப்பாள். 'நீதான் டைப் பண்ணியா' என்று கேட்டால்? நம்பிக்கையாக ஒரு அறையில் உட்கார்ந்து பேசியதை வீட்டிலேயே ஒருத்தி கேட்டுவிட்டாள் என்று ஆகும். ஆய்வுப் பெண்ணின் ஏழாம் எண் செல்லாமல் போகும், அவளுடைய இரண்டு வருட உழைப்பில் ஓட்டை விழும். கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை வரும், போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கடையில் அவள் உட்கார்ந்திருக்கும் மூலை மாதிரி.

பதில் அனுப்ப வேண்டிய வெள்ளிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது பொடிசும் வந்தாள். இருவரும் ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்தார்கள். கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து.

"பொடிசு."

"ம்?"

"ஏதாவது... சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல. முகம் ஒரு மாதிரி இருக்கேன்னு."

"என் முகம் எப்பவும் இப்படித்தானேம்மா. உன் மாதிரி."

காதக்கா போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இல்ல, உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"மழை வராது!" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. ஹெச்.எம். ஏறி வந்துகொண்டிருந்தார். "வானிலை அறிக்கையைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். துணி இன்னும் ஒரு மணி நேரம் காயலாம். எதுக்கு அவசரப்பட்டு எடுக்கறீங்க?"

மழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று இருவரும் சொல்லவில்லை. போர்வையைப் பிரித்து மறுபடி கொடியில் போட்டார்கள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே போயின. வீடு சின்னது. இரண்டு அறைக்கும் நடுவில் கூடம், கூடத்தில் அவர் நாற்காலி. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு ஒரு வார்த்தை போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற வழியில் அவர் அதைத் திருத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் பொடிசுக்கு ஒரு புதிய கைக்கடிகாரம் வாங்கி வந்தார். "டீச்சருக்கு மணி முக்கியம்" என்று அவரே அவள் மணிக்கட்டில் கட்டினார். அன்பாகத்தான் கட்டினார். பட்டை ஒரு துளை இறுக்கமாக இருந்தது. "சரியா இருக்கா?" என்றார். "சரியாத்தான் இருக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை பகல், ஆய்வுப் பெண் கடைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"காதக்கா, ஏழாம் எண் தாள் திரும்பி வந்திருக்கு. ஒரு திருத்தம். உங்க தாள்ல முதல் தடவையா 'ஒலி தெளிவில்லை' இருந்துச்சா, நானே ஆச்சரியப்பட்டேன். மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். அவங்களே அந்த இடத்தை எழுதிக் கொடுத்துட்டாங்க. இதைச் சேத்து மறுபடி எடுத்துத் தாங்களேன்."

காதக்கா தாளை வாங்கினாள். எல்லாப் பக்கத்திலும் ஒப்பம் இருந்தது. ஆறாம் பக்கத்தில் '(சும்மா – 9)' என்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். வேறு எதுவும் எழுதவில்லை, வட்டம் மட்டும். பத்து, பன்னிரண்டு வயதில் பள்ளி விட்டதும் பொடிசு இந்தக் கடைக்குத்தான் வருவாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய தாள்களில் சும்மாக்களை எண்ணுவாள். "இந்த ஆளு முப்பத்தெட்டு வினாடி சும்மா இருந்திருக்கார்மா, தூங்கிட்டாரா?" என்று கேட்பாள்.

அதற்குக் கீழே, 'ஒலி தெளிவில்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, ஓரத்தில் மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'இந்த இடத்தில் ஒலி தெளிவாகத்தான் இருந்திருக்கும். நான் சத்தமாகத்தான் பேசினேன்.' அதன் பின் காலண்டர் தாள், பீரோ, விரித்த பேப்பர், ஆறாதது எல்லாம் வார்த்தை மாறாமல் இருந்தன. ஒரே ஒரு வரி புதிது: 'தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன வாரமும் பார்த்தேன்.'

காதக்கா ஹெட்போனை மாட்டவில்லை. கேட்க எதுவும் இல்லை, பார்த்து எழுதுவதுதான். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'அம்மா பேசாம இருந்தது ஆறல' என்ற இடத்தில் ஒரு தவறு விழுந்தது, அழித்துத் திரும்பத் தட்டினாள். அச்செடுத்தாள். கீழே சீட்டு வந்து நின்றது.

ஆய்வுப் பெண் பேனாவை நீட்டினாள்.

"நான் போட மாட்டேன்மா" என்றாள் காதக்கா. "போன தடவை போட்டதும் பொய். அது என் பொண்ணு."

நகல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வுப் பெண் நீட்டிய பேனாவை மூடினாள். கோபப்படுவாள், அழுவாள், பேராசிரியரைக் கூப்பிடுவாள் என்று காதக்கா எதிர்பார்த்தாள். அவள் துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சுக்கா?" என்றாள்.

பழக்கத்தில் வந்த கேள்வியாக இருக்கலாம். ஐம்பது வயதில் காதக்காவிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். காதக்கா வாயைத் திறந்தாள். யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்பது போல ஒரு கணம் பக்கவாட்டில் பார்த்தாள். யாரும் இல்லை. அப்படியும் ஒன்றும் வரவில்லை. ஆய்வுப் பெண் எழவில்லை, வேறு பக்கம் பார்க்கவில்லை, உதவிக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"இருபத்திரண்டு வினாடி" என்றாள் காதக்கா கடைசியில். "எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"நான் எங்க கைடு மேடம்கிட்ட சொல்லித்தான் ஆகணும்க்கா. மிச்சம் ரெண்டு பேருக்கு வேற ஆள் பாக்கச் சொல்வாங்க. ஏழாம் எண்ணைச் சேக்கறதா விடறதான்னு அவங்கதான் சொல்லணும். அதாவது, உங்க பொண்ணு."

"சரிம்மா."

"கடைக்காரருக்கும் தெரிஞ்சிடும்."

"சரிம்மா" என்று மறுபடி சொன்னாள்.

வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்கு வந்தாள். பீரோவைத் திறந்து, புடவைகளைத் தூக்கி, மஞ்சளாகிப் போயிருந்த பேப்பரின் அடியில் கையை விட்டாள். தாள் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் வைத்தபோது இல்லாத ஒரு மடிப்பு அதில் இருந்தது.

சாயங்காலம் மூவரும் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். ஹெச்.எம். பள்ளியில் புதிதாகப் போடும் மேசைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பொடிசு பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். புதன் முடிந்தால் வியாழன், அது முடிந்தால் வெள்ளி. காதக்கா அவளைப் பார்த்தாள். அவளும் அம்மாவைப் பார்த்தாள், இந்தத் தடவை கண்ணை எடுக்காமல்.

"பொடிசு, உனக்கு எப்படி இருக்கு?" என்றாள் காதக்கா.

மூடி நின்றது.

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்றார் ஹெச்.எம். "ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பன்னெண்டு நாள். லேசா படபடப்பு இருக்கும், எனக்கும் முதல் நாள்..."

"உங்களைக் கேக்கலைங்க."

அவர் சிரித்தார். "யாரைக் கேட்டா என்ன, விஷயம் ஒண்ணுதானே? நான் என்ன சொல்றேன்னா..."

காதக்கா காலண்டர் தாளை அவருடைய டீக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள், கணக்குப் போட்ட பக்கம் மேலே இருக்கும்படி. ஒரு தாளில் ஒரு கணக்கு இருந்தால் அவரால் அதைத் தாண்டிப் போக முடியாது. அது அவளுக்குத் தெரியும். பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வந்தது. ஒவ்வொரு வரியாக இறங்கினார். தாண்டிய படியில் ஒரு நொடி நின்றார்.

"சரியாத்தான் போட்டிருக்கா. குறுக்கு வழி, ஆனா சரி" என்று கீழே ஒரு டிக் போட்டார். "யாரு இது? எப்ப போட்டது?"

தாளைத் திருப்பினார். பெரிய எழுத்தில் தேதி இருந்தது. வருடமும் இருந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. டிக் போட்ட பேனாவின் மூடியைக்கூட மூடவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு இடைவெளி விழுந்து காதக்கா பார்த்ததில்லை. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமும் வரவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. டீயில் ஆடை படிந்தது. நான்கு. ஐந்து. பொடிசு மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தை ஒரு துளை தளர்த்தினாள். ஆறு. ஏழு. எட்டு.

"வந்து..." என்றாள் பொடிசு.

மேசைக்கு அடியில் காதக்காவின் வலது கால் தரையை அழுத்தியிருந்தது. அவள் காலை எடுக்கவில்லை.